புழுவெட்டும் கனடாவும்

1993 யூன் 3, வியாழன்

சோளகக் காற்று. விடிந்ததிலிருந்து முற்றம் முழுக்கப் புழுதி. கிணற்றடிக் கொடியில் போட்ட சேலை பக்கத்துத் தோட்டத்து மிளகாய்க் கன்றுகளுக்கு மேல் கிடந்தது. எடுத்து உதறித் திரும்பவும் தோய்த்தேன். சவுக்காரம் இல்லை. வெறும் தண்ணீர்.

செய்ய: சைக்கிள் பின் ரியூப் ஒட்டு. பத்தாம் வகுப்பு விஞ்ஞானத் தாள்கள், பாதி மிச்சம். தலைக்குச் சின்ன வெங்காயம். செவ்வாய் தோல் கிளினிக், அரைநாள் லீவு கேட்க.

தலை: இடது காதுக்குப் பின்னால் இருந்த வட்டமும் உச்சி வட்டமும் ஒன்றாகிவிட்டன. வலப்பக்கம் இன்னும் மயிர் உண்டு. முன்னுக்கும் கொஞ்சம். போன வருடம் மாசியில் பின்னல் போட்டுவிடும்போது தங்கை வதனிதான் முதலில் கண்டாள். "அக்கா, இதிலை ஒரு இடம் பளபளக்குது." ஒரு சதக் காசு அளவு. அன்றைக்கே ஊர் புழுவெட்டு என்று சொல்லிவிட்டது. புழுவை இன்றுவரை ஒருவரும் பிடித்துக் காட்டவில்லை.

பள்ளியால் வந்தால் அம்மாவின் முகத்தில் என்றும் இல்லாத சந்தோஷம். வதனிக்குச் சம்பந்தம். நான் வகுப்பில் நின்ற நேரம் தரகர் வந்து போயிருக்கிறார். மாப்பிள்ளை சாவகச்சேரி. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பெயர் கருணாகரன். முன்வழுக்கை.

அம்மா சொன்ன விதம்: "முன் நெத்தி கொஞ்சம் ஏறித்தான் இருக்காம். யோகக்காரன்."

ஆண் தலையில் மயிர் இல்லையென்றால் யோகம். என் தலையில் இல்லையென்றால் தோஷம். இத்தனை வருடம் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், இந்த விதி எந்தப் பாடப் புத்தகத்திலும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மிச்சக் கதை வெளியே வந்தது. சுவரில் என் பட்டமளிப்புப் படம் தொங்குகிறது, இடுப்பு வரை பின்னலோடு. தரகர் அதைப் பார்த்து "மூத்தவ எங்கை?" என்று கேட்டிருக்கிறார். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல் "அவள் கனடாவிலை" என்றிருக்கிறார்.

"ஏனம்மா கனடா?"

"வேறை என்னத்தைச் சொல்லுறது? செத்துப்போனாய் எண்டோ?"

"கோப்பாயிலை படிப்பிக்கிறாள் எண்டு சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் கூப்பிடுங்கோ பாப்பம் எண்டுவான். பாத்தால் பரம்பரை நோய் எண்டுவான். பிறகு இவளை ஆர் கட்டுறது?"

வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டில் இருக்கிற காலம். பொய் சொல்ல வேண்டி வந்தால் வாய் தானாகவே கனடாவுக்குப் போகும் போலிருக்கிறது. கோபத்தில் சோறு இறங்கவில்லை. எனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வேறு.

யூன் 5, சனி

காற்றுக் குறைவு. ரியூப் ஒட்டியாயிற்று.

வெங்காய நாள். வதனி அம்மியில் தட்டி, துணியில் பிழிந்து, மொட்டை விழுந்த இடமெல்லாம் தேய்த்தாள். எரிவது எனக்கு. கண்ணீர் அவளுக்கு. ஆறு மாதமாக இதே கூத்து. பலன் என்னவென்றால் என் வகுப்புப் பிள்ளைகள் நான் வருவதை மணத்திலேயே அறிந்துவிடுகிறார்கள்.

என் மயிர் கொட்டுவதற்கு ஊரார் இதுவரை கண்டுபிடித்த காரணங்கள்:

கிணற்றுத் தண்ணீர். வெங்காயத் தோட்டங்களுக்குக் கொட்டும் யூரியா இறங்குகிறதாம். (அதே கிணற்றில் முழுகுகிற வதனிக்குப் பின்னல் தொடையைத் தொடுகிறது. அவளுக்கு யூரியா பசளையாய்ப் போகிறதோ?)

சவுக்காரத் தட்டுப்பாடு. பனம்பழத்தில் துணி தோய்க்கிறதோடு நிற்காமல் தலைக்கும் பூசினேனாம்.

நாகதோஷம். நாவூறு. குண்டுக்குப் பதுங்குகிற பங்கருக்குள் ஈர மண்.

கூடப் படித்தது. இதைச் சொன்னவர் பள்ளிப் பக்கமே போகாதவர், அவருக்கும் நல்ல வழுக்கை.

செய்து பார்த்த வைத்தியங்கள்: பரியாரியார் தந்த குன்றிமணிப் பூச்சு. கொப்புளம் போட்டு ஒரு கிழமை தலையணை வைக்க முடியவில்லை. ஊமத்தங்காய்ச் சாறு, எரிவு மட்டும். செவ்வரத்தம்பூ எண்ணெய், நல்ல வாசம். ஆமணக்கெண்ணெய், தலையணை உறை பாழ். பண்டத்தரிப்பு மாமி சொன்ன எலிப்புழுக்கையும் வினாகிரியும்: மாட்டேன் என்றேன். எலிக்கும் கொஞ்சம் மரியாதை வேண்டும்.

பிழிந்து முடிய வதனி மெல்லச் சொன்னாள். அந்தக் கருணாகரனை அவளுக்கு முன்பே தெரியும். கணக்குப் பதிவு வகுப்புக்குச் சாவகச்சேரி போன காலத்தில், சந்தையடியில் இவளுடைய சைக்கிள் செயின் கழன்றபோது போட்டுக் கொடுத்தவர். கையெல்லாம் கிறீஸ். எங்கே துடைப்பதென்று தெரியாமல் கையை விரித்துக்கொண்டு நின்றாராம்.

"எனக்கு அந்த ஆளைப் பிடிச்சிருக்கு அக்கா."

இதுவரை வந்த சம்பந்தம் ஒன்றுக்கும் அவள் இப்படிச் சொன்னதில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். கனடாவில் இருக்கிறேன் என்றால் இருந்துவிட்டுப் போகிறேன். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

யூன் 8, செவ்வாய்

மப்பு, மழை இல்லை. கிளினிக்.

காத்திருக்கும் மர வாங்கில், பக்கத்தில் குருநகரிலிருந்து வந்த ஒரு அம்மா. மடியில் பிள்ளை, தலையில் வட்ட வட்டமாகச் செதில். என்னைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கும் படர்தாமரையோ தங்கச்சி?"

"இல்லை, எனக்குப் புழுவெட்டு."

"என்ன இருந்தாலும் ஒரு வாங்கிலைதானே இருக்கிறம்" என்று சொல்லிச் சிரித்தார். மனதுக்குப் பிடித்த மனுஷி. மற்ற வாங்கில் ஒருத்தி பிள்ளை பெற்று மூன்றாம் மாதம், சீப்பு வைத்தால் கொத்தாக வருகிறது என்று அழுகை. இன்னொருத்தி நெருப்புக்காய்ச்சலால் எழும்பியவள்.

டொக்டர் பெண். இளவயது, களைப்பு முகம். அவர்கள் இருவருக்கும் நான் கேட்கவே சொன்னார்: "காய்ச்சலுக்குப் பிறகு, பிள்ளைப்பேத்துக்குப் பிறகு கொட்டுறது தானாத் திரும்பி வரும். ஒண்டும் பூசாதேங்கோ. முருங்கையிலை தின்னுங்கோ, கீரை தின்னுங்கோ. வெறும் தேத்தண்ணியும் பாணும் திண்டால் இரத்தம் எங்காலை வாறது?" குருநகர்ப் பிள்ளைக்குக் களிம்பு, குளிசை, தனிச் சீப்பு. அது மட்டும்தான் தொத்துமாம்.

என் முறை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"ஒரு புழுவும் வெட்டேல்லை. உடம்பைக் காவல் காக்கிற கலங்கள் மயிர் வேரைப் பிறத்தியான் எண்டு நினைச்சு அடிக்குதுகள். ஏன் அப்பிடி நினைக்குதுகள் எண்டு எங்களுக்கும் தெரியாது."

"நான் ஏதும் செய்ததாலையோ?"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. வேர் சாகவும் இல்லை. நித்திரையிலை கிடக்குது."

இந்த ஒன்றரை வருடத்தில் 'நீங்கள் ஒன்றும் செய்யவில்லை' என்று ஒரு ஆள் சொன்னது இதுதான் முதல் தடவை. அங்கேயே அழுதிருப்பேன். பின்னால் வரிசை.

வைத்தியம்: வட்டத்துக்குள்ளேயே குத்துகிற ஊசி ஒன்று உண்டு. சிலருக்குக் கேட்கும். கொழும்பிலிருந்து மருந்து வந்தால்தான், வருவதில்லை. தைரொயிட் இருக்கிறதா என்று இரத்தம் பார்க்க வேண்டும், அதற்கான மருந்துச் சாமானும் இல்லை. ஒரு களிம்பு தந்தார். வெங்காயம் சிலருக்கு உதவுகிறது என்கிறார்களாம், தோல் வெந்து போகாமல் பூசினால் குற்றமில்லை. குன்றிமணி பற்றிச் சொன்னேன், தலையில் கை வைத்தார்.

"திரும்ப வருமோ டொக்டர்?"

"வரலாம். வராமலும் விடலாம். வந்து திரும்பவும் கொட்டலாம்."

"தங்கச்சிக்கும் வருமோ?"

"சில குடும்பங்களிலை ஓடும். பெரும்பாலும் வராது. வராதெண்டு எழுதித் தரவும் என்னாலை ஏலாது."

பொய் சொல்லாத மனுஷி. வீட்டுக்கு வந்து ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் காதில் 'சில குடும்பங்கள்' மட்டும் போய் இருந்துகொண்டது.

யூன் 11, வெள்ளி

வெயில். பள்ளி.

காலை அதிபர் அம்மா கூப்பிட்டுச் சொன்னார்: "தலைத்துணியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டு வாருங்கோ. பிள்ளையளுக்குப் பாடத்திலை கவனம் நிக்க வேணும்." என் பாடத்தில் போன வருடம் எத்தனை பேர் சோதனையில் சித்தி என்று கேட்கத்தான் வாய் வந்தது. அடக்கினேன்.

மூன்றாம் பாடத்தில் குண்டு போடுகிற பொம்பர் வானத்தில் சுற்றியது. பிள்ளைகளோடு பங்கருக்குள். இறங்கும்போது தலைத்துணி மரக்கட்டையில் கொளுவிக் கழன்றுவிட்டது. திரும்ப ஏறி எடுக்க முடியாது. அத்தனை முகமும் என் தலைக்கு முன்னால்.

ஒருத்தி கேட்டாள்: "ரீச்சர், உது தொத்துமோ?"

"தொத்தாது. வேணுமெண்டால் தொட்டுப் பார்."

தொட்டாள். பிறகு இன்னொருத்தி. பிறகு வரிசை. "மெத்தெண்டு இருக்கு ரீச்சர்." மயிர்க்கால் எப்படி இருக்கும், எண்ணெய்ச் சுரப்பி எங்கே, வேர் எங்கே என்று பங்கர்ச் சுவர் மண்ணில் விரலால் கீறிக் காட்டினேன். கரும்பலகையில் காட்டினால் நித்திரை கொள்கிற வகுப்பு, இன்று கண் வெட்டவில்லை. வெளியே வந்ததும் துணியைக் கட்டவில்லை. அதிபர் அம்மா ஜன்னலால் பார்த்தார். பார்க்கட்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் கடைக்காரர்: "ரீச்சர், கனடாவிலை இப்ப குளிரோ?"

அம்மா ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறார். சாவகச்சேரியிலிருந்து யாரும் விசாரிக்க வந்தால் மூத்தவள் கனடா என்று சொல்ல வேண்டுமாம். ஊரும் சம்மதித்துவிட்டது. போன கிழமை வரைக்கும் என் தலையைப் பற்றி வாய் ஓயாமல் கதைத்த ஊர், வதனிக்கு ஒரு நல்லது என்றதும் ஒரே வாயாகப் பொய் சொல்லத் தயார். திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

கடைக்காரரிடம், "ஓம், சரியான குளிர். ஒரு றாத்தல் பனங்கட்டி தாங்கோ" என்றேன்.

யூன் 13, ஞாயிறு

அடுத்த ஞாயிறு பின்னேரம் பெண் பார்க்க வருகிறார்கள். தாயும் மகனும். இரண்டு சைக்கிள்.

அம்மாவின் திட்டம்: நான் சனிக்கிழமையே பண்டத்தரிப்பு மாமி வீட்டுக்குப் போய்விட வேண்டும். மறுத்தேன். அம்மா அலுமாரிக்குள் இருந்து ஒரு சவுரி முடியை எடுத்தார், மாமியின் கலியாணத்துக்கு வாங்கியது. பின்னி என் கையில் தந்து, வைத்துப் பார்க்கச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தேன். யாரோ ஒருத்தியின் மயிர், தூசி மணத்தோடு, என் முகத்துக்குப் பக்கத்தில்.

"வடிவாய்த்தானே இருக்கு பிள்ளை? இதோடை நிண்டால் கனடாவாலை வந்து நிக்கிறாள் எண்டு சொல்லலாம்."

கழற்றிக் கையில் கொடுத்தேன்.

"இதை நான் வைக்க மாட்டன் அம்மா. மாமி வீட்டுக்கும் போக மாட்டன். இது என்ரை வீடு. நான் களவு செய்யேல்லை ஒளிச்சுக்கொண்டு திரிய."

"அப்ப இவளின்ரை வாழ்க்கை?"

வதனி கிணற்றடியில் நின்றவள் உள்ளே வந்தாள். என்னை மட்டும் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் நான் தோற்றேன்.

குசினிக்குள் இருப்பேன் என்று ஒத்துக்கொண்டேன். பலகாரம் சுடுவேன். வெளியே வர மாட்டேன். இதற்குக் கீழே ஒரு படியும் இறங்க மாட்டேன் என்று இருவருக்கும் சொன்னேன்.

யூன் 17, வியாழன்

பொல்லாத காற்று. வலப்பக்கமும் கொட்டுகிறது. தலையணையில், சோற்றில், கரும்பலகைத் துடைப்பானில். களிம்பு முடிந்தது. பூனைமயிர் போல வெள்ளையாய் உச்சியில் ஏதோ தெரிகிறது என்கிறாள் வதனி. முளைக்கும்போது முதலில் வெள்ளையாய்த்தான் வருமாம். நம்பலாம், நம்பாமலும் விடலாம்.

அம்மா நாலு கதிரை இரவல் வாங்கி வந்திருக்கிறார். வதனி ஒரே பாட்டு.

யூன் 20, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பின்னேரம் வந்தார்கள். நான் குசினிக்குள் வடை சுட்டுக்கொண்டு. புகைக்குத் தலையில் துணி. குசினிச் சுவர் கூரை வரை போகாது, கூடத்தில் கதைப்பது எல்லாம் கேட்கும். முதலில் வெயில், வந்த வழி, ஷெல் விழுந்த றோட்டு. வதனி தேத்தண்ணி கொண்டு போனாள். தாய்க்காரிக்குப் பிடித்துவிட்டது, குரலிலேயே தெரிந்தது. மாப்பிள்ளைக்குச் சத்தமே இல்லை. நான் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சிரித்தேன். உண்மையில் சந்தோஷமாய் இருந்தேன்.

அப்போது தாய்க்காரி: "உங்கடை மூத்தவ கனடாவிலை எந்த இடம்?"

அம்மா: "ரொறன்ரோ."

"கடவுள்தான் எங்களை இஞ்சை கொண்டந்து விட்டிருக்கிறார். என்ரை சின்னவனும் அங்கைதான் போறனெண்டு போனவன். மாரிக்குப் பிறகு ஒரு கடிதம் இல்லை. போய்ச் சேந்தானோ, இடையிலை எங்கையும் பிடிபட்டானோ, உயிரோடை இருக்கிறானோ, ஒண்டும் தெரியாது. நித்திரை இல்லை எனக்கு. உங்கடை பிள்ளையிட்டைச் சொல்லி ஒருக்கா விசாரியுங்கோ. உங்கடை காலைப் பிடிச்சுக் கேக்கிறன்."

பிறகு அம்மா: "ஓம்... சொல்லுறன்."

அந்த 'ஓம்' எனக்குள் ஏறிக் குத்தியது. எனக்காக ஒரு பொய் என்றால் பொறுக்கலாம். வதனிக்காக என்றால் குசினிக்குள் கிடக்கலாம். இந்த மனுஷி நாளையிலிருந்து தபால்காரனைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். இல்லாத ஒருத்தி எழுதப் போகிற கடிதத்துக்காக.

எண்ணெய்ச் சட்டியை இறக்கினேன். துணியை அவிழ்த்து அடுப்படியில் வைத்தேன். மூடிக்கொண்டு போனால் அது பாதிப் பொய்.

கூடத்துக்குள் போனதும் அம்மாவின் கண் மூடியது. வதனி தட்டோடு நின்றாள்.

சொன்னது இவ்வளவுதான், மறக்காமல் எழுதுகிறேன்: "நான்தான் மூத்தவள். மலர். இஞ்சை பக்கத்திலைதான் படிப்பிக்கிறன். கனடாவுக்கு நான் ஒருநாளும் போகேல்லை. என்ரை தலையிலை இருக்கிறது புழுவெட்டு. தொத்தாது. தங்கச்சிக்கு வருமோ வராதோ எண்டு டொக்டருக்கும் தெரியாது. அம்மா பயத்திலை பொய் சொல்லிப்போட்டா. ஆனால் என்னட்டைப் படிச்ச பெடியன் ஒருத்தன் ரொறன்ரோவிலை நிக்கிறான். உங்கடை மகனைப் பற்றி எழுதிக் கேக்கிறன். பேரைச் சொல்லுங்கோ."

தாய்க்காரி என் தலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். கையில் எடுத்த தேத்தண்ணியைத் திரும்ப வைத்தார். "எழும்பு தம்பி, போவம்."

படலை வரைக்கும் நான்தான் கூடப் போனேன். வேறு யாரும் அசையவில்லை. தாய்க்காரி றோட்டில் இறங்கிவிட்டார். மாப்பிள்ளை சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மெதுவாக, "அக்கா, உதுக்கு வெங்காயம் கேக்குமோ?" தன்னுடைய முன்நெற்றியைத் தடவிக்கொண்டு.

"உங்கடையது வேறை தம்பி. அது பரம்பரையாய் வாறது. வெங்காயத்தைக் கறிக்கு வையுங்கோ."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. தாய் றோட்டிலிருந்து, "கருணா! வாறியோ இல்லையோ!"

ஒரு வடையும் எடுபடவில்லை. குவித்தபடி கிடக்கிறது.

யூன் 21, திங்கள்

வெயிலா, மப்பா, பார்க்கவில்லை.

அம்மா படுக்கையில். வதனி என்னோடு கதைக்கவில்லை. காலையில் வெங்காயத்தை நானே தட்டினேன், சாறு கண்ணில் போனது.

பின்னேரம் கிணற்றடியில் அவளே வாயைத் திறந்தாள். "அரை மணித்தியாலம். அவ்வளவுதானே கேட்டனாங்கள்."

"அந்த மனுஷி பிள்ளையைத் தேடுறா வதனி."

"தெரியும். நீ செய்தது பிழையெண்டு நான் சொல்லேல்லை. எனக்குக் கோவம் எண்டுதான் சொல்லுறன்."

வாளியை இறக்கினேன். அவள் வாங்கி ஊற்றினாள். நான் செய்தது சரி என்று இப்போதும் நினைக்கிறேன். அவளுடைய வாழ்க்கையை வைத்துச் சரியாய் நடந்திருக்கிறேன், அதுதான் சுடுகிறது.

யூன் 24, வியாழன்

சாவகச்சேரியிலிருந்து ஒரு சொல்லும் இல்லை.

இன்று சீப்பை வைக்க வலப்பக்கம் ஒரு பிடி கையோடு வந்தது. மிச்சம் நிற்பது காதோரம் இரண்டு தும்பு. அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் எண்ணிக் கவலைப்பட எனக்கு நேரமில்லை. தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இருந்தேன். பின்பக்கம் கை எட்டவில்லை.

வதனி வந்து கத்தரியைப் பறித்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"நேரா இரு. காதை வெட்டிப்போடுவன்."

வெட்டினாள். நாலு நாளாய்ச் சரியாய்ப் பேசாதவள், வெட்டி முடியும் வரை வாய் ஓயவில்லை. கருணாகரன் நல்ல ஆள் என்றால் வருவான், வராவிட்டால் போகட்டும், போனால் தான் மூன்று நாள் அழுவாள், அதற்கு யாரும் தடை சொல்லக் கூடாது. சரி என்றேன்.

கண்ணாடி. முழுத் தலையும் தெரிகிறது. நல்ல வட்டத் தலை. எங்களைப் பெற்ற ஐயாவின் தலை. அவர் செத்து ஒன்பது வருடம், இன்று கண்ணாடிக்குள் வந்து நிற்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவரும் நம்ப மாட்டார்கள், ஆனால் காற்றுப் படும்போது நல்ல சுகம்.

அம்மா கண்டதும் குழறினார். "ஐயோ என்ரை பிள்ளை! கலியாணம் காட்சி காண முன்னம் மொட்டையோ!" பிறகு பக்கத்தில் வந்து இருந்து உள்ளங்கையைத் தலையில் வைத்தார். முதல் வட்டம் கண்ட நாளுக்குப் பிறகு அம்மா என் தலையைத் தொட்டது இன்றுதான். தொத்தும் என்ற பயம் இல்லை, பார்க்கப் பொறுக்காமல்தான் தொடவில்லையாம். வைத்த கையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

யூன் 26, சனி

காற்று. தரகர் வந்தார்.

என் மொட்டையைக் கண்டதும் கதிரை நுனியில் இருந்தார். கனடாவால் எப்போது வந்தீர்கள் என்று கேட்பார் என்று பார்த்தேன். நல்ல பதில் ஒன்று வைத்திருந்தேன். கேட்கவில்லை.

சேதி: பெடியன் விருப்பம். வதனியைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். தாய்க்காரியும் இறங்கி வந்துவிட்டார், ஒரு சொல்லோடு.

"கலியாணத்தண்டு மூத்தவ அறைக்குள்ளை இருந்தால் காணுமாம். படத்திலையும் நிக்க வேண்டாமாம். வாற சனம் ஒவ்வொண்டு கதைக்கும், அதுக்குத்தான். வேறை ஒண்டுமில்லை."

பிறகு சேர்ட் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். சின்ன மகனின் பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கடிதம் வந்த இடம். "தாய்க்காரி இதையும் உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவ."

கலியாணத்தில் நான் கண்ணில் படக் கூடாது. மகனைத் தேடித் தரவும் வேண்டும். ஒரு கணம் துண்டைத் திருப்பிக் கொடுக்க நினைத்தேன். அந்த மனுஷியின் குரல் காதில் வந்தது, நித்திரை இல்லை எனக்கு. வாங்கி வைத்தேன். "இண்டைக்கே எழுதுறன் எண்டு சொல்லுங்கோ. அது வேறை, இது வேறை."

வதனி கதவு நிலையில். முகம் வெளுத்து. அவள் வாயைத் திறக்க முந்தி நானே 'சரி, அறைக்குள் இருக்கிறேன்' என்று சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. அவளுக்காக அதையும் சொல்லியிருப்பேன்.

அம்மா எழும்பினார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடாத ஆள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றுதான் கதைத்தார்.

"நான் பயத்திலை ஒரு பொய் சொன்னனான். இப்ப உண்மையைச் சொல்லுறன், கேட்டுக்கொண்டு போங்கோ. எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். ரெண்டும் இஞ்சைதான் இருக்குதுகள். ஒண்டையும் நான் இனி அறைக்குள்ளை வைக்க மாட்டன்."

"அப்ப நான் அவைக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"இவையின்ரை ஐயா இல்லை. இந்த வீட்டிலை பொம்பிளை கேக்கிறதெண்டால் மூத்தவளிட்டைத்தான் கேக்க வேணும். பெடியன் விருப்பமெண்டால் வரச்சொல்லுங்கோ. வந்து அவளிட்டைக் கேக்கட்டும்."

தரகர் என் தலையைப் பார்த்தார். நான் அசையவில்லை. வதனி நிலையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள், சிரித்துக்கொண்டும்.

ரொறன்ரோவுக்குக் கடிதம் எழுதி முடித்தேன்.

யூலை 4, ஞாயிறு

காற்று விழுந்திருக்கிறது. வேப்பிலை கூட அசையவில்லை. இன்று கருணாகரன் வந்து கேட்கிறாராம், தரகர் சொல்லியனுப்பினார். காலையிலேயே தலைக்கு எண்ணெய் வைத்து முழுகினேன். துணி கட்டவில்லை. வதனி மூன்று சேலை மாற்றிவிட்டாள், இன்னும் தீரவில்லை. அம்மா குசினிக்குள், இந்த முறை வடை தன் பொறுப்பாம்.

என்ன கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்தவை: குடிப்பாரா. வதனியை வேலைக்கு விடுவாரா. நாளைக்கு அவளுடைய தலையும் இப்படி ஆனால் என்ன செய்வார். இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன்.

படலையில் சைக்கிள் மணி. ஒரு சைக்கிள் இல்லை, இரண்டு. தாயும் வந்திருக்கிறார்.

வதனி என்னைத் தள்ளுகிறாள். திறக்கப் போகிறேன்.